இழுத்தல் என்னும் வினை

மாரிகாலத்தில் வன்னிப் பெருந்தெருவொன்றின் ஓரத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். நெல் மூடைகளை ஏற்றிவந்த லொறியொன்று எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கியபோது, அதன் பின்சில்லுகள் தெருவை விட்டிறங்கிச் சேற்றிற் புதைந்துவிட்டன. சாரதி இயந்திரத்தை முடுக்குகின்றார். சில்லுகள் சுழலுகின்றன, சேறு தெறிக்கின்றது, லொறி அசையவில்லை. சுழலச் சுழல அது மேலும் ஆழத்துக்கே இறங்குகின்றது. அயலிலுள்ளோர் கூடுகின்றனர். ஒருவர் கல் அடுக்குகின்றார். ஒருவர் தென்னோலை வெட்டிவந்து சில்லின் கீழ் இடுகின்றார். நால்வர் பின்னின்று தள்ளிப் பார்க்கின்றனர். பயனில்லை. அப்பொழுது கூட்டத்தில் நின்ற முதியவர் ஒருவர், "தள்ளிச் சரிவராது, தம்பியவை. உழவு மிசினைக் கொண்டுவந்து கட்டி இழுங்கோ" என்கின்றார்.

கட்டி இழுத்தல். இரண்டே சொற்கள். ஆயினும் அங்கு நிற்கும் அத்தனை பேருக்கும் அடுத்துச் செய்யவேண்டியது யாது என்பது விளங்கிவிடுகின்றது. ஒருவர் கயிற்றுக்கு ஓடுகின்றார். ஒருவர் உழவு இயந்திரத்துக்கு ஓடுகின்றார். நாள்தோறும் நம் வாயில் வந்துபோகும் இந்த 'இழு' என்னும் சிறிய வினைச்சொல்லே இன்றைய பேச்சின் பொருள். வண்டியோடும் வாகனத்தோடும் பிறந்து வளர்ந்ததுபோலத் தோன்றும் இச்சொல்லைச் சற்று நிதானித்து நோக்கினால், நம் சமுதாயம் யாரை மதித்தது, யாரை மறந்தது என்ற செய்தியும் அதனுள்ளே கிடப்பதைக் காணலாம்.

முதலில் சொல்லின் பொருளை வரையறுத்துக் கொள்வோம். ஒரு பொருளைத் தன்னை நோக்கி, அல்லது தான் செல்லும் திசையை நோக்கி, வரும்படி செய்தல் இழுத்தலாகும். இவ்வினை நிகழ மூன்று வேண்டும். இழுப்பவர் ஒருவர், இழுபடும் பொருள் ஒன்று, இரண்டையும் இணைக்கும் கயிறோ, சங்கிலியோ, கையோ ஒன்று. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஒன்றும் உண்டு. அதுவே எதிர்ப்பு. தானாக வருகின்ற பொருளை யாரும் இழுப்பதில்லை. கூப்பிட்டவுடன் வரும் கன்றைக் 'கூட்டி வந்தான்' என்போம். வரமாட்டேன் என்று காலை ஊன்றி நிற்கும் கன்றை 'இழுத்து வந்தான்' என்போம். எதிர்ப்பு இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலை இல்லை.

இதன் அயற்சொற்களோடு ஒப்பிட்டால் பொருள் இன்னும் தெளிவாகும். தள்ளுபவர் பொருளுக்குப் பின்னால் நிற்பார். ஓட்டுபவரும் செலுத்துபவரும் வண்டியின் மேல் இருப்பர். இழுப்பவரோ முன்னால் நடப்பார். வண்டி போகவேண்டிய வழியை அவருடைய கால்கள் முதலில் மிதிக்கின்றன. பள்ளமானாலும் முள்ளானாலும் வெயிலிற் காய்ந்த தாரானாலும் அதை முதலில் அறிவன அக்கால்களே. பாரம் பின்னே வருகின்றது. வழி முன்னே கிடக்கின்றது. இரண்டுக்கும் நடுவில் ஓர் உடல் இருக்கின்றது. இழுத்தல் என்னும் வினையின் முழு இலக்கணமும் இதுவே.

தமிழில் இதற்கு உறவான சொற்கள் வேறும் உண்டு. 'ஈர்' என்பதும் இழுத்தலையே குறிக்கும். எனினும் அது இன்று பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத கயிற்றுக்கே உரியதாகிவிட்டது. பூமியின் ஈர்ப்பு, காந்தத்தின் ஈர்ப்பு, கவிதையின் ஈர்ப்பு என்கின்றோம். லொறியை யாரும் ஈர்ப்பதில்லை. 'வலி' என்னும் வினையும் இழுத்தலைக் குறிக்கும். தண்டு வலித்தல் என்பது படகோட்டுவோரின் வழக்கு. மலையாளத்தில் இழுத்தலுக்கு இன்றும் பொதுச்சொல் இதுவே. வலிமை என்ற சொல்லும், நோவு என்று பொருள்படும் வலி என்ற சொல்லும் இதனோடு ஒரே வடிவில் நிற்பது கருதத்தக்கது. இழுக்க வலிமை வேண்டும். இழுத்தபின் வலி மிஞ்சும். தமிழனின் காதுக்கு இம்மூன்றும் ஒன்றையொன்று அடுத்தே ஒலிக்கின்றன.

உறவுபோலத் தோன்றி மயக்கும் சொல்லும் ஒன்றுண்டு. குற்றம், பழி என்ற பொருளில் வழங்கும் 'இழுக்கு' என்பது இழுத்தலிலிருந்து பிறந்ததன்று. வழுக்குதல், தவறுதல் என்று பொருள்படும் வேறொரு வினை அது. இழு என்பது இழுத்தான் என வரும். இழுக்கு என்பது இழுக்கினான் என வரும். வழுக்கு நிலத்தில் ஊன்றுகோல் உதவுவதைப்போலச் சான்றோர் வாய்ச்சொல் உதவும் என்று கூறிய வள்ளுவர், அந்த வழுக்கு நிலத்துக்கு இச்சொல்லையே ஆண்டார். ஆகவே வண்டி இழுப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை என்பது சொல்லிலக்கணப்படியும் உண்மையே.

இனி, முதியவர் சொன்ன 'கட்டி இழுத்தல்' என்ற தொடருக்கு வருவோம். பழுதுற்ற வாகனத்தை மற்றொரு வாகனத்தோடு பிணைத்துக் கொண்டுசெல்வதற்கு நம்மூரில் வழங்கும் பெயர் இது. கட்டுதல் முன்னும் இழுத்தல் பின்னுமாக, செய்கையின் வரிசையே தொடரின் வரிசையாக அமைந்திருக்கின்றது. இச்செயலில் ஒரு நுட்பம் உண்டு. பின்னால் வரும் வண்டிக்கு வேலையில்லை என்று அறியாதார் எண்ணுவர். அவ்வாறன்று. அதிலும் ஒருவர் திசைமாற்றியைப் பிடித்துக்கொண்டு விழிப்போடு இருக்கவேண்டும். முன்வண்டி மெதுவாகும்போது பின்வண்டி தடையை மிதியாவிட்டால் கயிறு தொய்ந்து, இரண்டும் மோதிக்கொள்ளும். தொய்ந்த கயிறு மீண்டும் திடீரென்று விறைக்கும்போது அறுந்துபோதலும் உண்டு. கயிறு எப்பொழுதும் அளவாக விறைத்திருக்க வேண்டும். அதற்கு இருவரும் பொறுப்பு. இழுப்பவரின் வலிமை மட்டும் போதாது. இழுபடுபவரின் இசைவும் வேண்டும். ஆசிரியரும் மாணவரும், தலைவரும் தொண்டரும் இந்தக் கயிற்றிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்கது நிறைய உண்டு.

வாகனத்தையே எழுவாயாகக் கொண்டும் இவ்வினை வழங்குகின்றது. 'ஏற்றத்தில் வண்டி இழுக்குதில்லை' என்று சாரதி சொன்னால், இயந்திரம் வலுக்குன்றிவிட்டது என்பது பொருள். 'ஒரு பக்கத்துக்கு இழுக்குது' என்றால், சில்லிலோ தடையிலோ கோளாறு என்பது பொருள். திருத்துமிடத்தில் இந்த ஒரு சொல்லைக் கேட்டே, பழுது எங்கே இருக்கக்கூடும் என்பதைக் கைதேர்ந்தவர் ஊகித்துவிடுவார்.

இயந்திரம் வந்தபின்னும் அதன் ஆற்றலை மனிதன் விலங்கைக் கொண்டே அளந்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் என்பார் தமது நீராவி இயந்திரத்தின் வலுவை விளக்க, ஆலைகளிற் செக்குமாடுபோலச் சுற்றிவந்து இழுத்த குதிரைகளை அளவுகோலாக எடுத்துக்கொண்டார். ஒரு செக்கனில் 550 இறாத்தல் எடையை ஓரடி உயர்த்தும் ஆற்றல் ஒரு பரிவலு எனப்பட்டது. குதிரைகள் அந்த ஆலைகளை விட்டு எப்பொழுதோ அகன்றுவிட்டன. அவற்றின் உழைப்பு மட்டும் ஓர் அலகின் பெயராக எஞ்சி நிற்கின்றது.

நம் நாட்டில் முதலாவது புகையிரதப் பாதை 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுசைக்குத் திறக்கப்பட்டது. 1867ஆம் ஆண்டு அது கண்டியை அடைந்தது. அதற்கு முன்பு மலைநாட்டுக் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இழுத்து வந்தவை மாட்டு வண்டிகளே. புகையிரதத்துக்கும் கடுகண்ணாவை ஏற்றம் எளிதாக இருக்கவில்லை. ஏறக்குறைய 45 அடி தூரத்துக்கு ஓரடி உயரும் அந்தச் சரிவில், நீராவிக் காலத்தில் முன்னால் ஓர் இயந்திரம் இழுக்கப் பின்னால் மற்றொன்று தள்ளியது. 1956ஆம் ஆண்டு தொடங்கிய யாழ்தேவி, போரினால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராது நின்றது. மீண்டும் வந்தது 2014இல். அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில், இயந்திரம் பெட்டிகளை இழுத்து வரும் காட்சியைத் தம் ஊரில் ஒருமுறையேனும் காணாது ஒரு தலைமுறை வளர்ந்தது.

இங்கே சொல்லாக்கம் பற்றிய ஒரு செய்தியையும் கூறலாம். ஆங்கிலத்தில் ட்ரெயின் என்பதும் டிராக்டர் என்பதும், இழுத்தல் என்று பொருள்படும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து வந்தவை. ஒன்று இழுபடுவது, மற்றது இழுப்பது. நாமோ முதலாவதை அதன் புகையினாற் புகைவண்டி என்றும் புகையிரதம் என்றும் வழங்கினோம். இரண்டாவதை அது செய்யும் தொழிலினால் உழவு இயந்திரம் என்றோம். இழுத்தல் என்ற வினை இரண்டு பெயர்களிலும் இடம்பெறவில்லை. மக்கள் பேச்சில் மட்டும் அது தன் இடத்தை விடவில்லை. சேற்றில் லொறி புதைந்தவுடன் உழவு இயந்திரம், உழுவதை விடுத்து இழுக்க வந்துவிடுகின்றதன்றோ?

இயந்திரத்தை விட்டு எருதுக்கு வருவோம். 'அவன் வண்டில் ஓட்டுகிறான்; மாடு இழுக்கிறது' என்கின்றோம். ஒரே வண்டில்; ஒரே பயணம்; இரண்டு வினைகள். வண்டில் ஓட்டுபவருக்கு வண்டிற்காரர் என்று பெயருண்டு. சந்தையில் கூலியும் அவர் கையிலேயே விழும். நுகத்தின் தழும்பு எருதின் கழுத்திலே விழும். ஆனால் பழந்தமிழ்ப் புலவர் இந்த எருதை மறந்தாரல்லர். துன்பத்துக்குத் துன்பம் தருபவன் எத்தகையவன் என்று கூற வந்த வள்ளுவர், தடைப்பட்ட இடங்களிலெல்லாம் மூச்சைப் பிடித்து வண்டியை இழுத்துச்செல்லும் எருதையே உவமையாக எடுத்தார். இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்துக்கு அவர் தேடிப்பிடித்த வீரன், வாளேந்திய மறவனல்லன். சேற்றில் முழந்தாளிட்டும் பின்வாங்காத ஒரு காளை.

ஔவையாரும் அவ்வாறே. புறநானூற்றின் 102ஆம் பாடலில், உப்பு வணிகராகிய உமணர் மேடும் பள்ளமும் கடந்துபோகும் வண்டி வருகின்றது. எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பண்டமோ மிகுதி. வழியில் என்ன நேருமோ என்று அஞ்சும் உமணர், வண்டியின் அடியிலே மேலதிகமாக ஓர் அச்சு மரத்தைக் கட்டிவைக்கின்றனர். அச்சு முறிந்தால் உதவும் அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்று, அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புலவர் பாராட்டுகின்றார். இக்காலத்து லொறியில் மேலதிகச் சில்லு தொங்குவதைக் காணும்போது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட உமணரின் முன்யோசனையை எண்ணாதிருக்க முடியாது. இழுக்கும் எருதின் இளமையையும் பாரத்தின் மிகுதியையும் அருகருகே வைத்து இரங்கிய அந்தக் கண்ணும் போற்றத்தக்கது.

எருது நின்ற இடத்தில் மனிதனே நின்ற காலமும் வந்தது. ஜப்பானில் 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய கைவண்டியொன்று, சில பத்தாண்டுகளுக்குள் ஆசியாவின் பெருநகரங்களிலெல்லாம் பரவிற்று. கொழும்புத் தெருக்களிலும் சென்னைத் தெருக்களிலும் அது ஓடியது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'ஜின்ரிக்கிஷா'. ஜின் என்றால் மனிதன். ரிக்கி என்றால் வலு. ஷா என்றால் வண்டி. மனித வலுவினால் இயங்கும் வண்டி என்று, உள்ளதை உள்ளபடி கூறிய பெயர் அது. கடல்கடந்து வந்தபோது அப்பெயர் சுருங்கி 'ரிக்ஷா' ஆயிற்று. சுருங்கியபோது உதிர்ந்த அசை எது? 'ஜின்'. மனிதனைக் குறித்த அசையே உதிர்ந்துபோயிற்று. வலு நின்றது, வண்டி நின்றது, மனிதன் மறைந்தான். இதனை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வழக்கிலே தானாக நிகழ்ந்த தேய்வு அது. ஆயினும் அந்த வண்டியில் ஏறி அமர்ந்திருந்த பலரின் மனத்திலே நிகழ்ந்ததும் அதுவேயன்றோ?

தமிழ் ஒரு வகையில் நேர்மையோடு நடந்துகொண்டது. ரிக்ஷாவை ஒருவர் 'ஓட்டினார்' என்று அது கூறவில்லை. 'ரிக்ஷா இழுத்தார்' என்றே கூறிற்று. எருதுக்குரிய வினையை மனிதனுக்கு இட்டபோது, அந்த வினையே ஒரு சாட்சியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டு கைரிக்ஷா ஒழிக்கப்பட்டது. அவ்விடத்துக்கு மிதிவண்டி ரிக்ஷா வந்தபோது 'மிதித்தார்' என்ற வினை வந்தது. இயந்திர ரிக்ஷா வந்தபோது 'ஓட்டினார்' என்ற வினை வந்தது. இழுத்தார், மிதித்தார், ஓட்டினார் என்னும் இம்மூன்று வினைகளையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தரையில் ஓடிய ஒரு மனிதன் படிப்படியாக இருக்கையில் ஏறி அமர்ந்த வரலாறு அவற்றில் அடங்கிவிடுகின்றது.

ஆயினும் அந்த வரலாறு முற்றாக முடிந்துவிடவில்லை. கொழும்பு புறக்கோட்டையின் மொத்த வியாபாரத் தெருக்களிலே, அரிசியும் வெங்காயமும் பருப்பும் மலைபோலக் குவித்த கைவண்டிகளை இன்றும் காணலாம். அவற்றை இழுத்துச் செல்வோரை 'நாட்டாமி' என்று அழைக்கின்றனர். ஊருக்குத் தலைவரைக் குறிக்கும் நாட்டாமை என்ற சொல்லோடு அது எத்துணை நெருங்கி ஒலிக்கின்றது! ஒருவர் முன்னால் உடலைச் சாய்த்து இழுப்பார். மற்றொருவர் பின்னால் தலையைக் குனிந்து தள்ளுவார். வழிவிடும்படி முன்னிருப்பவர் எழுப்பும் குரல், வாகன ஒலிகளுக்கிடையே கரைந்துபோகும். நாட்டின் எந்த மூலையிலுள்ள கடைக்கும் போகும் பண்டம், முதலில் இவர்களின் தோள்வலியினாற் சில நூறு யாரேனும் நகர்ந்திருக்கக்கூடும்.

வீட்டுக்குள்ளும் இவ்வினை புகுந்திருக்கின்றது. வருவாய் குறைந்த வீட்டைப்பற்றிக் கேட்டால், 'அந்த மனிசிதான் ஒருமாதிரி இழுத்துக்கொண்டு போகுது' என்று அயலவர் சொல்வர். குடும்பத்தை வண்டியாகவும் அப்பெண்ணை நுகம் பூண்டவளாகவும் காட்டுவதற்கு ஒரு சொல் போதுமாகிவிடுகின்றது. நீதிமன்றத்தில் வழக்கு 'இழுபடுகின்றது'. கந்தோரில் விண்ணப்பத்தை 'இழுத்தடிக்கின்றனர்'. இரு கட்சியும் விட்டுக்கொடாதபோது 'இழுபறி' என்கின்றோம். ஒருவர் இழுக்க மற்றவர் பறிக்கும் நிலை அது. இறுதியாக, மரணப் படுக்கையில் தொண்டையிற் சளி கரகரக்க மூச்சு வாங்குவதைச் 'சேடம் இழுக்கின்றது' என்பர். மனிதன் இறுதிவரை இழுக்கும் வண்டி, தன்னுடைய மூச்சே போலும்.

இத்தனை வழக்குகளிலும் இழுத்தல் ஒரு பாரமாகவே வருகின்றது. ஓரிடத்தில் மட்டும் அது பேறாக மாறுகின்றது. அதுவே தேர்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் பெருவிழாவின் இருபத்துநான்காம் நாளில், விடியுமுன்னரே வீதி நிறைந்துவிடும். அன்று வடத்தில் ஒரு கையேனும் வைத்துவிட வேண்டும் என்று மக்கள் முண்டியடிப்பர். கடையில் மூடை தூக்க மறுப்பவரும் அங்கே கைகொடுப்பார். அச்செயலுக்கு நம்மவர் வைத்த பெயரும் வேறு. 'தேர் இழுத்தோம்' என்பதனோடு, 'வடம் பிடித்தோம்' என்றும் சொல்வர். தேரோ 'ஓடிற்று' என்பர். தானே விரும்பி ஓடியது போல. 'ஊர் கூடித் தேர் இழு' என்னும் பழமொழியில் ஊரே எழுவாயாக நிற்கின்றது. எருதும் ரிக்ஷாக்காரரும் தனித்து நின்ற இடத்தில், இங்கே ஊர் நிற்கின்றது.

தேர் இழுப்பதன் நுட்பத்தையும் அறிதல் நன்று. நிற்கும் தேரை அசைக்கத் தேவைப்படும் வலு, ஓடும் தேரை ஓட வைப்பதற்குத் தேவைப்படும் வலுவினும் அதிகம். ஆதலின் முதல் அசைவுக்கே எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்கவேண்டும். 'அரோகரா' என்ற ஒலி பக்தியின் முழக்கம். அதே வேளையில் ஆயிரம் கைகளை ஒரு கையாக்கும் சைகையும் அதுவே. பின்னால் சிலர் நெம்புகோல் கொண்டு சில்லை உந்துவர். தேருக்குத் திசைமாற்றி இல்லை. வீதி மூலையில் அதைத் திருப்புவதும், வேகம் மிகும்போது அதை நிறுத்துவதும், சில்லின் கீழ் முட்டுக்கட்டை இடுவோரின் திறமை. 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பதை நாம் வசைமொழியாக்கிவிட்டோம். உண்மையில், உருளும் சில்லுக்கு அருகே உயிரைப் பணயம் வைத்துக் கட்டை இடுகின்ற அந்த மனிதர் இல்லையேல், இழுப்பவர் அத்தனை பேரும் ஆபத்துக்குள்ளாவர். திருவாரூர்த் தேர் ஏறக்குறைய 96 அடி உயரமுடையது. அத்தகைய தேருக்கு இக்காலத்தில் நீரழுத்தத் தடை பொருத்தியிருக்கின்றனர். பின்னின்று இயந்திரங்களும் தள்ளுகின்றன. ஆயினும் வடம் மக்கள் கையிலேயே இருக்கின்றது.

ஊர் கூடித் தேர் இழு என்றார்கள். ஊர் என்றால் யார்? இந்தக் கேள்வியை நம் சமுதாயம் நெடுங்காலம் கேளாதிருந்தது. கேட்டபோது விடை கசப்பாக இருந்தது. தேருக்கு மரம் தறித்தவரும், வீதியைச் செம்மை செய்தவரும், பறை முழக்கியவரும் வடத்தைத் தொடலாகாது என்று தடுக்கப்பட்ட கோயில்கள் பல. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பேரால் ஒருவருக்குப் பொதுவிடங்களில் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில், உள்ளே செல்லும் உரிமை கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. சட்டம் எழுதப்பட்டுப் பதினோராண்டு கழிந்தும் கதவு திறக்கவில்லை.

அது பழங்கதை என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. 2018ஆம் ஆண்டு குடாநாட்டின் கோயிலொன்றில், மண் அகழும் இயந்திரத்தைக் கட்டித் தேர் இழுத்தனர். வடம் பிடிக்க ஆட்கள் போதவில்லை என்றனர் ஒரு சாரார். ஊரிலுள்ள ஒரு பகுதியினர் வடத்தைத் தொட்டுவிடலாகாது என்பதற்காகவே இயந்திரம் வந்தது என்றனர் மற்றொரு சாரார். அந்தப் படம் பத்திரிகைகளில் வெளிவந்தபோது பலர் வெட்கித் தலைகுனிந்தனர். சேற்றிற் புதைந்த லொறியை இழுக்க வேண்டிய இயந்திரம், வழிபாட்டுத் தேரை இழுத்தது. தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்தது என்பது மெய். ஆனால் தேரை இழுப்பதன் நோக்கம், மரத்தாலான ஒரு பொருளை வீதியைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்துவதுதானா? அதற்கு இயந்திரமே போதும். ஊரை ஒரு கயிற்றிலே சேர்ப்பதே நோக்கமாயின், எந்த இயந்திரத்தாலும் அதைச் செய்ய முடியாது.

இங்கே நம் பேச்சின் இரு முனைகளும் வந்து சந்திக்கின்றன. தெருவிலே பிறரின் பாரத்தை இழுத்தவரைத் தாழ்ந்தவர் என்றோம். கோயில் வீதியிலே இழுத்தலைப் பேறு என்றோம். ஆனால் தாழ்ந்தவர் என்று நாம் பெயரிட்டவருக்கு அந்தப் பேற்றை மறுத்தோம். மூடை வண்டியை இழுப்பதற்குத் தகுதியான தோள், தேர்வடத்துக்குத் தகாததாகிவிட்டது. ஒரே வினையை இரண்டு நிறையால் அளந்த இந்தக் குற்றம், சொல்லின் குற்றமன்று. சொல்லை ஆண்டவரின் குற்றம். இழு என்ற சொல் பாகுபாடு அறியாதது. யார் இழுத்தாலும் அதற்கு ஒரே இடைநிலை, ஒரே பொருள்.

நேயர்களே, தொடக்கத்தில் சேற்றில் விட்டுவந்த அந்த லொறியை மறந்துவிட வேண்டாம். உழவு இயந்திரம் வந்துவிட்டது. கயிறு கட்டப்பட்டுவிட்டது. சாரதி திசைமாற்றியைப் பிடித்துக்கொண்டார். கல் அடுக்கியவரும் ஓலை வெட்டியவரும் பின்னின்று தள்ளுகின்றனர். கட்டி இழுக்கச் சொன்ன முதியவர் கையை உயர்த்திச் சைகை காட்டுகின்றார். கயிறு விறைக்கின்றது. முதலில் ஓர் அசைவு. பின்னர் ஒரு முக்கல். சில்லு சேற்றை விட்டு மேலே வருகின்றது. யார் என்ன சாதி, எந்த ஊர், எந்தச் சமயம் என்று அங்கே எவரும் எவரையும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை. நெல் நனைந்துவிடக்கூடாது என்ற ஒரே கவலை எல்லோரையும் ஒரு கயிற்றில் நிறுத்தியது.

தெருவோரத்தில் நமக்கு இயல்பாக வருகின்ற இந்த அறிவு, கோயில் வீதியிலும் வருமாயின், ஊர் கூடித் தேர் இழு என்ற பழமொழி அன்றுதான் முழுமையாக மெய்யாகும்.